வேதக்காரரின் ஆறு நாள்: திருநெல்வேலியில் வாரநாள் கிறிஸ்தவம்

‘ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்கள்’ என்பது நம் பிரசங்க மேடைகளில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கண்டனம். வாரத்துக்கு ஒருநாள் சலவை வேட்டி கட்டி ஆலயத்துக்கு வருகிறார்கள், கீர்த்தனை பாடுகிறார்கள், காணிக்கை போடுகிறார்கள், திங்கட்கிழமை விடிந்ததும் ஊரோடு ஊராகிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். மதம் தனிமனிதரின் அந்தரங்கமாகச் சுருங்கிவிட்ட ஐரோப்பிய நகரங்களுக்கு இது பொருந்தலாம். திருநெல்வேலிக்குப் பொருந்துமா என்பது சந்தேகம். இங்கே ஒருவர் வேதக்காரர் என்பது ஞாயிறன்று மட்டும் தெரியவரும் செய்தி அல்ல. முதலூர், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், ஆசீர்வாதபுரம் என்று ஊர்ப்பெயரே அதைச் சொல்லிவிடும். படித்த பள்ளி, பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரி, பெண்ணெடுத்த குடும்பம், ஓட்டுப் போடும் திருமண்டலத் தேர்தல் என்று ஏழு நாளும் அந்த அடையாளம் கூடவே வருகிறது. ஆகவே, வாரநாளில் கிறிஸ்தவம் காணாமல்போகிறது என்று புலம்புவதைவிட, வாரநாளில் நடமாடுவது எந்தக் கிறிஸ்தவம் என்று கேட்பதே இந்த மண்ணுக்குப் பொருத்தம். இரண்டரை நூற்றாண்டு வரலாற்றில் இரண்டு போக்குகள் பிரிந்து தெரிகின்றன. ஒன்று, விசுவாசத்தை அயலாருக்குச் செலுத்த வேண்டிய கடனாக எண்ணி வேலி தாண்டிப் போனது. மற்றொன்று, அதைத் தன் கூட்டத்தின் சொத்தாக எண்ணி வேலி போட்டுக் காத்தது. இரண்டும் ஞாயிறைத் தாண்டியவைதாம். ஆனால் முன்னதைத்தான் கிறிஸ்தவ வாழ்வு என்று சொல்ல முடியும். பின்னதற்குச் சாதிச் சங்கமே போதும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கத்தைப் பார்ப்போம். பொதிகையில் பிறந்து பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாக வந்து, நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இரு கரைகளில் வைத்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் கடந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கிறது தாமிரபரணி. கடல் சேரும் அந்த முகத்தில் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கம் தழுவிவிட்டார்கள். சீர்திருத்தத் திருச்சபையின் கதை பாளையங்கோட்டையில் 1778இல் தொடங்குகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்த மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயர், கிளாரிந்தா என்ற மராட்டியப் பிராமண விதவைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆங்கில அதிகாரி ஒருவரோடு மணம் செய்யாமல் வாழ்ந்தவர் என்ற காரணத்தால் முன்பு அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டிருந்தது. 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் கிளாரிந்தாவின் பெயரோடு தொடங்கி 40 பேர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரே சாதியினர் அல்லர். 1785இல் அவர் முன்நின்று கட்டிய சிறு ஆலயத்தை ஊரார் பாப்பாத்தி கோயில் என்றார்கள். ஊர் ஒதுக்கிவைத்த ஒரு பெண்ணும், வேறெந்தப் பந்தியிலும் ஒன்றாக உட்கார்ந்திருக்க முடியாத சில குடும்பங்களும் சேர்ந்ததே முதல் சபை. பின்னால் வந்த எதையும் எடைபோட இந்தப் பதிவேடு ஓர் அளவுகோல். காரணம், அதன் பிறகு கிறிஸ்தவம் பெருகிய வழி வேறு.

அது பெருகியது ஆற்றுப் பாசனத்தின் நஞ்சையில் அல்ல. ஆற்றுக்குத் தெற்கே பனையும் உடையும் தவிர வேறொன்றும் தழைக்காத தேரிக்காட்டில். அங்கே மக்கள் தனித்தனியாக வரவில்லை, கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நாடார் சமூகத்தினர். வேதத்தில் சேர்ந்த அன்றே வாரநாள் தொல்லைகள் ஆரம்பமாயின. குடியிருந்த மனை மிராசுதாருடையது, தண்ணீர் எடுத்த கிணறு ஊருடையது, கோயில் வரி கொடுக்க மாட்டேன் என்றால் இரண்டும் போயிற்று. தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியாரின் காலத்தில், அடிபட்டு விரட்டப்பட்டவர்களுக்காக இடம் வாங்கி 1799இல் அமைத்த குடியிருப்புதான் முதலூர். 1820இல் பாளையங்கோட்டை வந்த ரேனியஸ் ஐயர் இந்த வழியை ஒரு நிறுவனமாக்கினார். அவர் 1830இல் தொடங்கிய தரும சங்கம், சபையாரிடம் பணம் திரட்டி நிலம் வாங்கி, ஆலயமும் பள்ளியும் வீடுகளும் எழுப்ப உதவியது. ஜெர்மானியப் பிரபு டோனா கொடுத்த பணத்தில் டோனாவூர் உருவானது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மக்களுக்கு ஆராதனை முதலாவதும் அன்றாடப் பிழைப்பு இரண்டாவதுமாகப் பிரிந்து வரவில்லை. குடியிருக்க ஒரு மனையும் குடிக்க ஒரு கிணறும் இல்லாமல் ஞாயிறு ஆராதனையே சாத்தியப்படவில்லை. வாரநாள் வாழ்வு விசுவாசத்தின் விளைவாக மட்டுமல்லாமல் அதன் நிபந்தனையாகவும் இருந்தது.

பனைத் தொழிலை அருகில் போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். பருவகாலத்தில் ஒரு பனையேறி நாளுக்கு 30, 40 மரங்கள் ஏறி இறங்குவார், அதுவும் காலையும் மாலையும். இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைநார். பாளையின் நுனியை அன்றன்று சீவிவிட வேண்டும். ஒருநாள் விட்டாலும் காம்பு காய்ந்து சுரப்பு அடங்கத் தொடங்கும். மரத்துக்கு ஓய்வுநாள் தெரியாது. ஞாயிறை முழு ஓய்வாகக் கொள்ள வேண்டும் என்ற போதனை, சம்பளத்துக்கு வேலை செய்யும் உத்தியோகஸ்தருக்கு எளிது. பனையேறிக்கு அது பருவகால வருமானத்தையே தொடும் காரியம். அதே மரத்தின் உச்சியில் இன்னொரு தீர்மானமும் அன்றாடம் எடுக்கப்படுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரை விடிலியில் பெண்கள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். சுண்ணாம்பு தடவும் பழக்கத்தைச் சபை கொண்டுவந்ததாகச் சொல்ல முடியாது. கருப்பட்டித் தொழில் அதற்கு எவ்வளவோ முந்தியது. ஆனால் கள்ளை விலக்கிய சபை, ஒருவருடைய கிறிஸ்தவத்தைப் பனை உச்சியில், யாரும் பார்க்காத இடத்தில், கலயத்துக்குள்ளே சோதித்தது. அந்தியில் மணியடித்ததும் ஊர் ஆலயத்தில் உபதேசியார் நடத்தும் தினசரி ஜெபம் இந்த உழைப்பின் முடிவில்தான் வரும். தேரிக்காட்டுச் சபைகளில் பக்தியை வாரநாளில் பழக்கியவை இந்த ஜெபமும் இந்தத் தொழிலும்தாம்.

ஞாயிறும் வாரநாளும் பிரியாமல் இருந்ததற்குச் சபைக் கட்டடமே சாட்சி. சிற்றூர்கள் பலவற்றில் ஞாயிறு ஜெபம் நடந்த கூரைக்கடியில்தான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் நடந்தது. இன்று டி.டி.டி.ஏ. தொடக்கப்பள்ளி என்ற பலகையோடு நிற்கும் பல பள்ளிகளின் வேர் அதில் இருக்கிறது. காணிக்கையும் அப்படித்தான் வீட்டுக்குள் போனது. உலை வைக்கும் முன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுச் சேர்த்துச் சபைக்குக் கொண்டுவரும் கைப்பிடி அரிசி வழக்கம், சம்பாத்தியம் கையில் இல்லாதவர்களையும் கொடுப்பவர்கள் ஆக்கியது. அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் முருங்கைக்காயும் சேவலும் கருப்பட்டியும் ஆலயத்துக்கு வந்து, ஏலம் போய், சபைக் கணக்கில் ஏறும். இந்தச் சிறு கொடைகள் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு 1903 சான்று. அந்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்களும் இந்தியர், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்தியருடையது என்பது அதன் கொள்கை. அதை உருவாக்கியவர்களில் முன்நின்ற வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். திருநெல்வேலிச் சபைகளின் பணத்தில் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்குப் போன ஊழியம் பெரும்பாலும் மாலா, மாதிகா ஒடுக்கப்பட்ட மக்களிடையே வேர்விட்டது. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். பனங்காட்டு மக்கள் தங்கள் மொழியையும் சாதியையும் சாராதவர்களுக்காகப் பணம் கொடுத்ததுதான் இதில் முக்கியம். வாரநாள் விசுவாசம் வேலி தாண்டியதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் வட்டாரத்தில் அரிது.

நிறுவனங்களின் வரலாற்றையும் இதே கண்ணோடு பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் அனாதைகளான பிள்ளைகளுக்காக மர்காஷியஸ் ஐயர் நாசரேத்தில் 1878இல் கைத்தொழில் பள்ளி தொடங்கினார். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தது, வீட்டை விட்டு வெளியே போகாமல் பெண்ணின் கையில் காசு வர வழி செய்தது. பாளையங்கோட்டையில் 1890இல் ஆன் ஆஸ்க்வித் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அதே பத்தாண்டில் ஃபுளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோருக்குத் தொடங்கினார். சாராள் தக்கர் பள்ளி 1895இல் பெண்கள் கல்லூரியாயிற்று. 1901இல் டோனாவூருக்கு வந்த ஏமி கார்மைக்கேல், கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்தார். அந்த வழக்கத்துக்கு எதிராகச் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது 1947இல்தான். இந்தப் பட்டியலை நம் பெருமைப் பேச்சுகளில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் இவற்றுக்குள் உள்ள பொதுத்தன்மையை யாரும் சொல்வதில்லை. பார்வையற்ற பிள்ளை, பஞ்சத்தில் அனாதையான பிள்ளை, பொட்டுக்கட்டவிருந்த பிள்ளை ஆகியோர் எந்தச் சபைக்கும் ஓட்டு வங்கி அல்லர், காணிக்கை தரக்கூடியவர் அல்லர். பதிலுக்கு எதையும் தர முடியாதவரை நோக்கிப் போனபோதுதான் இந்த நிறுவனங்களுக்கு மதிப்பு வந்தது. அந்த மதிப்பையே மூலதனமாக்கி, இடமும் பதவியும் யாருக்கு என்ற போட்டியாக அவை மாறும்போது, பலகையில் பெயர் அப்படியே இருக்கும்; போக்கு மட்டும் மாறியிருக்கும்.

இரண்டாவது போக்கை வடக்கன்குளத்தைவிடக் கூர்மையாக எந்த ஊரும் காட்டாது. திருவிதாங்கூர் அரசு ஊழியரான நீலகண்டன் 1745இல் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் குருவானவர் அல்லர், சந்நியாசியும் அல்லர், குடும்பஸ்தர், உத்தியோகஸ்தர். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் உண்டதும் அவர்மீது வந்த பகைக்கு ஒரு காரணம். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கிறிஸ்தவரான அதே வடக்கன்குளத்தில், 1872இல், ஒரு பீடத்தை நோக்கி இரண்டு கால்களாகப் பிரியும் ஆலயம் எழுந்தது. ஒரு பக்கம் வெள்ளாளரும் அவர்களைச் சார்ந்தோரும், மறுபக்கம் நாடார், நடுவில் சுவர். ஒரே பூசை, ஒரே குருவானவர், ஒரே அப்பம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910இல் இயேசு சபைக் குருக்கள் சுவரை இடித்தபோது வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது; அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. ஞாயிறன்று ஆலயம் நிறைந்திருந்த ஊர் அது. வாரநாள் ஒழுங்கு ஞாயிறுக்குள் நுழைந்து சுவரெழுப்பியதுதான் அங்கே நேர்ந்தது. தேவசகாயம் 2022இல் புனிதராக உயர்த்தப்படும் முன் அவர் பெயரிலிருந்து ‘பிள்ளை’ நீக்கப்பட்டது. அந்தத் திருத்தத்தைக் கோரிக்கை வைத்துப் பெற வேண்டியிருந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது.

சீர்திருத்தச் சபைகளிலும் கதை இதுவே. ரேனியஸ் தம் பள்ளி மாணவர் எல்லாரும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். மேல்சாதி என்று தம்மைக் கருதியவர்களிடம் எதிர்ப்பும் வந்தது. கூட்டமாக வந்த சபைகள் கூட்டமாகவே தங்கியதால், பல ஊர்களில் சபை என்பதும் ஒரு சாதி என்பதும் ஒன்றாகிவிட்டன. சாதி மட்டுமல்ல, நிறமும் வேலி போட்டது. கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நாடார்களைப் பற்றிய நூல் அவர்களை இழிவுபடுத்துகிறது என்று கொதித்தெழுந்தவர்களில் ஒருவர் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம். அவர் மிஷனெரிகளின் அதிகாரத்திலிருந்து விலகி 1857இல் நாசரேத் அருகே பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபையை நிறுவினார். அந்தச் சபை ஞாயிறை விட்டுச் சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. அவர் செய்ததைப் பிரிவினை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது: ஆலயத்தில் சகோதரர் என்று அழைப்பவர், எழுதும் புத்தகத்தில் எப்படி அழைக்கிறார்? வெள்ளைக்கார ஐயர்மாரும் இந்த வாரநாள் சோதனைக்கு விலக்கு அல்லர். 1910 எடின்பரோ மாநாட்டில் அசரியா மேலைநாட்டாரிடம் கொடையைவிட நட்பைத்தான் கேட்டார் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதலாவது வரலாற்று மறுப்பு: நிலமும் பள்ளியும் பாதுகாப்பும் கிடைக்கும் என்றுதான் ஏழைகள் வேதத்தில் சேர்ந்தார்கள்; அதன் பின்னால் காலனி அரசின் நிழல் இருந்தது; அதை விசுவாச வாழ்வு என்று கொண்டாடலாமா என்பார்கள். நிழல் இருந்தது உண்மை. பஞ்சத்தின்போது ஆயிரக்கணக்கானோர் சேர்ந்ததும் உண்மை. ஆனால் லாபம் தேடி வருகிறவர், லாபம் கிட்டாதபோது போய்விட வேண்டும். முதலூர்க் காலத்துக் குடும்பங்கள் அடிபட்டும் வீடிழந்தும் நிலைத்தன. ஆட்சி போய் முக்கால் நூற்றாண்டு ஆன பிறகும் சபைகள் நிற்கின்றன. தவிரவும், மானமாக வாழ ஒரு மனையும் பிள்ளைக்கு எழுத்தும் வேண்டும் என்ற ஆசையை ஆன்மிகத்துக்குப் புறம்பானது என்று சொல்வது, வயிறு நிறைந்தவர்கள் போடும் கணக்கு. இந்த மறுப்பில் ஏற்க வேண்டிய பகுதி வேறொன்று: தனக்குக் கிடைத்த விடுதலையை அடுத்தவருக்குக் கடத்தாத சமூகம், தான் வந்த காரணத்தைத் தானே லாபமாகக் குறுக்கிக்கொள்கிறது. தேரிக்காட்டிலிருந்து மேலேறியவர்கள், ஆற்றங்கரையின் தலித் குடியிருப்புகளை எப்படிப் பார்த்தார்கள் என்பதில்தான் இந்த மறுப்புக்குப் பதில் இருக்க வேண்டும். அந்தப் பதில் எல்லா ஊரிலும் பெருமைப்படும்படி இல்லை.

இரண்டாவது மறுப்பு சபைக்குள்ளிருந்து வருவது: இப்படியே போனால் திருச்சபை ஒரு தொண்டு நிறுவனம் ஆகிவிடும், ஆராதனைதானே அதன் உயிர் என்பார்கள். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஜெபம் வற்றிப்போன நிறுவனங்கள் வெறும் நிர்வாகங்களாகி நிற்பதை இதே மாவட்டத்தில் பார்க்கிறோம். ஆனால் ஆராதனையும் வாரநாளும் இங்கே எப்போதும் ஒன்றுக்குள் ஒன்றாகவே இருந்தன. அசனத்தை எடுத்துக்கொள்வோம். பிரதிஷ்டைப் பண்டிகையில் ஆராதனை முடிந்ததும், பொதுவில் சமைத்த சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் இலையில் விழும். பணக்காரர் கொடுத்த மூட்டையும் ஏழை கொடுத்த படியும் ஒரே அண்டாவில் வெந்திருக்கும். பக்கத்து ஊர் இந்துக் குடும்பத்தாரும் வந்து உட்காருவார்கள். திருவிருந்து மேசையில் சொல்லப்பட்டது பந்தலில் நடக்கிறதா என்று அங்கே கண்ணால் பார்க்கலாம். யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் எச்சில் இலை எடுக்கிறார்கள் என்று கவனித்தால் போதும். ஆராதனை உயிர் என்றால் இதுதான் அதன் நாடி. ஆராதனையை வாரநாளிலிருந்து பிரித்துக் காப்பாற்ற நினைப்பவர்கள், வடக்கன்குளத்துச் சுவரை எழுப்பியவர்களும் ஆராதனையைக் குறைத்துக்கொள்ளவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு வெளியிலிருந்து வருவது: பல மதத்தார் கலந்து வாழும் இடத்தில் ஒரு மத அடையாளத்தை வாரம் முழுக்கத் தூக்கிப் பிடிப்பது பகையை வளர்க்காதா? நல்லதைச் செய்யக் கிறிஸ்தவர் என்ற பெயர் எதற்கு? 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்தபோது, அருகிலிருந்த புதுக்குடி ஊர்மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். சாப்பிட்டவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை. அன்பு கிறிஸ்தவர்களின் தனியுரிமை அல்ல என்பதை ஒப்புக்கொள்வதில் விசுவாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. அடையாளம் இரண்டு விதமாகப் பேசும்: எனக்கு என்ன சேர வேண்டும் என்று உரிமை கேட்கும், அல்லது நான் என்ன செய்யக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தன்னையே கேட்கும். பகையை வளர்ப்பது முன்னது மட்டுமே முழங்கும்போது. கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டத்தில், 2011 முதல் இடிந்தகரை லூர்து அன்னை ஆலயத்தின் முன்பந்தல் வாரநாட்களின் மையமானது. அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் நியாயமான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அங்கே கேட்கப்பட்டது கிறிஸ்தவர்களுக்கான சலுகை அல்ல. கடலையும் பிழைப்பையும் பற்றிய, எல்லாக் கரையோர மக்களுக்கும் பொதுவான கேள்வி. ஆலய முற்றம் ஊரின் முற்றமானதற்கு அது அண்மைக்கால உதாரணம்.

இன்றைய நிலைக்கு வருவோம். கிறிஸ்தவ அடையாளத்துக்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை மத அடிப்படையில் வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. தலித் கிறிஸ்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே ஞாயிறன்று சபையிலும் திங்களன்று சான்றிதழில் வேறொரு பெயரிலுமாக வாழும் குடும்பத்தைக் கோழை என்று பிரசங்கம் செய்பவர், அந்தப் பெயருக்காகத் தாம் எதை இழந்தார் என்று முதலில் சொல்ல வேண்டும். மறுபுறம், விலையே கொடுக்க வேண்டியிராத இடங்களில் சாதி அப்படியே இருக்கிறது. கிறிஸ்தவத் திருமண விளம்பரங்களில் விசுவாசத்தோடு சாதியும் கேட்கப்படுகிறது. வரதட்சணை ஆலயக் கதவருகே நின்றுவிடுவதில்லை. திருமண்டலத் தேர்தல் கூட்டணிகளில் சாதிக் கணக்கு ஒளிவுமறைவானது அல்ல. 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவர் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் மணிக்கட்டில் கட்டும் சாதிக் கயிற்றுக்குத் தடை கேட்டது. இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளி நடத்தும் திருச்சபைகளுக்கு அந்தக் கயிறு அரசாங்கப் பிரச்சினை மட்டுமல்ல. வகுப்பறைதான் அவர்களுடைய நீண்ட வாரநாள்.

ஆகவே வாரநாள் கிறிஸ்தவத்தை வளர்க்க இன்னொரு கன்வென்ஷன் கூட்டமோ இன்னொரு வளாகமோ தேவையில்லை. அவை இங்கே குறைவாக இல்லை. தேவை வேறு வகையான கணக்கு. சபை ஆண்டறிக்கையில் காணிக்கையும் கட்டுமானமும் வருவதுபோல வேறு சில கேள்விகளும் வர வேண்டும். சாதி மாறி மணந்த பிள்ளைகளோடு சபை நின்றதா, அல்லது பெற்றோரின் கோபத்தோடு நின்றதா? சபை நடத்தும் பள்ளியில் சாதிக் கயிறு அவிழ்ந்ததா? நம் நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களில், பதிலுக்கு எதுவும் தர முடியாதவர்கள் எத்தனை பேர்? கழிவுநீர் கலந்தும் மணல் அள்ளப்பட்டும் நலிந்துவரும் தாமிரபரணிக்காக, அதே தண்ணீரைக் குடிக்கும் மற்ற மதத்தாரோடு சேர்ந்து என்ன செய்தோம்? இவற்றில் எதுவும் புதிய இறையியலைக் கேட்கவில்லை. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டிலும் 1903ஆம் ஆண்டுச் சங்கத்திலும் திருநெல்வேலிச் சபை தானே செய்து காட்டியவற்றின் தொடர்ச்சிதான் இது. இந்தக் கணக்கைச் சபையார் மட்டும் தணிக்கை செய்ய முடியாது என்பதே இதன் சிரமம். ஞாயிறு ஆராதனை எப்படி நடந்தது என்று சபைக்குள் இருப்பவர் சொல்லலாம். மீதி ஆறு நாள் எப்படிப் போயிற்று என்று சொல்லும் தகுதி பக்கத்து வீட்டுக்காரருக்கும், வேலைக்காரருக்கும், வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும்தான் உண்டு. அவர்களுடைய பதிலைக் கேட்கத் துணியும் சபைக்கு ‘ஞாயிற்றுக்கிழமைக் கிறிஸ்தவர்’ என்ற கண்டனம் தேவைப்படாது.